சம்பந்திக்கு ஜவளி

மார்ச் 27, வியாழன்

இன்று சம்பந்திக்கு ஸ்கேன்.

சம்பந்தி எங்கள் பண்ணையின் கறுப்புக் குதிரை. லாயத்துப் போர்டில் வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பேர் இருக்கிறது. நடையில் மிதப்பு, போட்ட புல்லில் எல்லாம் ஒரு குறை. மாப்பிள்ளை வீட்டு அம்மாவேதான். அதனால் நான் வைத்த பேர். இப்போது மேனேஜர் நாராயணஸ்வாமி சார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பழைய புடவைத் துணியால் வாலைச் சுற்றிக் கட்டினேன். என் வீட்டுக்காரர் வேலாயுதம் தலைக்கயிறு பிடித்தார். பிரதிபா டாக்டரம்மா தோள்வரை கையுறை மாட்டி, பின்பக்கம் கை விட்டு, பெட்டியில் படம் பார்த்தார். ரெண்டு கறுப்புப் பொட்டு.

"அஞ்சலம்மா, அவளி-ஜவளி" என்றார். கன்னடத்தில் ரெட்டைக்கு அப்படித்தான் சொல்வது.

"சம்பந்தி எதுலயும் கஞ்சத்தனம் பண்ண மாட்டா டாக்டரம்மா!"

அவர் சிரிக்கவில்லை. குதிரைக்கு ரெட்டை ஆகாதாம். வயிற்றில் ஒன்றுக்குத்தான் இடம். விட்டால் ரெண்டும் போகும், சில நேரம் தாயும் போகும். இப்போதே ஒன்றை விரலால் நசுக்கிவிட்டால் மற்றது பிழைக்கும். ரெண்டும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் அப்புறம் தொட முடியாது. "சார்கிட்ட நீங்களே சொல்லுங்க. சரின்னா எனக்கு ஒரு போன் போடட்டும், நாளைக்கே வர்றேன்" என்று நஞ்சன்கூட்டுப் பக்கம் இன்னொரு பண்ணைக்கு ஓடினார்.

சாருக்குப் போன் போட்டேன். சும்மா சொன்னால் நான் அஞ்சலையா? "சார், நம்ம சம்பந்திக்கு ஜவளி! நாளைக்கே ஆகணும்னு டாக்டரம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க!"

விழுந்து விழுந்து சிரித்தார். "பண்டிகை முடியட்டும் அஞ்சலை, பாத்துக்கலாம்."

பண்டிகை முடிந்தா? டாக்டரம்மா நாளைக்கே என்றாரே? சரி, பெரிய மனுஷருக்குத் தெரியாததா.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. சம்பந்திக்கும் வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்தேன். வெல்லத்தைத் தின்று பூவை மட்டும் வேலாயுதத்தின் புதுச் சட்டையில் துப்பினாள். அறிவாளி.

ஏப்ரல் 2, புதன்

பண்டிகை முடிந்துவிட்டது. டாக்டரம்மா வரவில்லை. சாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கலாமா?

கேட்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

கேட்டிருக்கணும்.

மறு ஸ்கேன். ரெண்டு நெஞ்சு துடிக்கிறது, பக்கத்தில் பக்கத்தில். ஒட்டிக்கொண்டாகிவிட்டது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றாமலே சாரைக் கேட்டார்: "நீங்க கூப்பிடவே இல்லையே?"

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"நான் சொன்னேனே சார்! சம்பந்திக்கு ஜவளின்னு!"

சார் என்னையே பார்த்தார். "ஏம்மா, அது ஜவுளி இல்லியா? ஒவ்வொரு யுகாதிக்கும் ஜவுளி எங்க சார், ஜவுளி எங்க சார்னு பிராணனை எடுப்பே. இந்த வருஷம் சம்பந்திக்கும் சேத்துக் கேக்கறேன்னு நெனச்சேன்..."

வேலாயுதம்தான் முதலில் சிரித்தார். கட்டின புருஷன். அப்புறம் சார். டாக்டரம்மா முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள்.

ஊசி போட்டு ரெண்டையும் கலைத்துவிட்டு மறுபடி ஆண்குதிரையோடு சேர்க்கலாம் என்றார் டாக்டரம்மா. பெங்களூரிலிருந்து முதலாளி போனில், வேண்டாம், சில நேரம் ஒன்று தானாகக் கரையுமாமே, பார்ப்போம் என்றாராம். பார்ப்பவர் அவர். சுமப்பவள் இவள்.

ரெட்டை. எனக்குத் தெரியாத வார்த்தையா? ரெட்டைன்னு சொல்றதுக்கு என்னடி உனக்குக் கேடு?

ஜூன் 8, ஞாயிறு

முதலாளி வந்தார். சார் என் குரலில் பேசிக் காட்டினார், கையை ஆட்டி ஆட்டி. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அந்த ஜவுளி அம்மா இவங்கதானா?"

நானும் சிரித்தேன். என்ன பண்ணச் சொல்ற?

போனே போடாத டாக்டரம்மாவை யாரும் கேட்கவில்லை. விஷயம் என்னவென்றே கேட்காத சாரையும்தான். கதையில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இந்தத் தடவை ஸ்கேனை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நெஞ்சு நன்றாக ஓடுகிறது. இன்னொன்று நின்றுவிட்டது. ஒன்றாவது வரட்டும். சாமி, ஒன்றாவது.

நவம்பர் 5, புதன்

சம்பந்திக்கு மடியில் பால் சொட்டுகிறது. மாதம் ஆகவில்லை. பாலைப் பார்த்தால் சந்தோஷப்படத்தானே வேண்டும்? இப்பவே பால் வந்தால் குட்டி தங்காது என்று டாக்டரம்மா தலையை ஆட்டினார்.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் போட்டுவிட்டாள். ஒன்று காய்ந்த தோல் மாதிரி. இன்னொன்று முழுசா. குட்டிக் குளம்பு, கண்ணிமையில் மயிர், எல்லாம். கொஞ்ச நேரம் மூச்சு விட்டது. அவள் நக்கிக்கிட்டே இருந்தாள். நின்ன பிறகும் நக்கிக்கிட்டே...

வாங்கய்யா, இப்ப வந்து சிரிங்க. என்னை மாதிரியே பேசிக் காட்டுங்க.

நவம்பர் 8, சனி

சம்பந்தி பிழைத்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. குதிரைக்கு என்ன தெரியும் என்கிறார் வேலாயுதம்.

மார்ச் 19, வியாழன்

மறுபடி யுகாதி. நான் இந்த வருஷம் வாயே திறக்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் துணி வந்தது. மண்டி மொஹல்லா கடைத்தெருவில் எடுத்தார்களாம். ஆளுக்கு ஒன்று.

எனக்கு மட்டும் ரெண்டு புடவை. ஒரே கலர், ஒரே கரை.

"ஜவுளியும் ஆச்சு, ஜவளியும் ஆச்சு! என்ன அஞ்சலை, சந்தோஷந்தானே?" என்றார் சார். மனசில் கெட்டது இல்லை அவருக்கு. அதுதான் தாங்க முடியவில்லை.

வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

சம்பந்தியை மாதத் தொடக்கத்தில் மறுபடி சேர்த்திருந்தார்கள். இன்று ஸ்கேன். வாலைக் கட்டத் துணி தேடினேன். புதுப் புடவை ஒன்றைக் கிழித்தேன். சர்ரென்று தயக்கமில்லாமல் கிழிந்தது.

"புதுசா இருக்கே?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு இருக்குங்க. ஒண்ணு போதும்."

வெகு நேரம் பெட்டியைப் பார்த்தார். ஒரே பொட்டு. "ஒண்ணுதான் அஞ்சலம்மா."

சாரிடம் சொல்ல நான் போனை எடுத்தேன். அதற்குள் அவர் கையுறையைக் கழற்றி, தன் போனிலேயே சாரைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் வாலை அவிழ்த்துவிட்டேன்.