உன் பேரில் நான் சொன்ன பதில்கள்

ஆசை அண்ணா சேவி,

உன் போனை இன்னும் நான்தான் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன். "செத்தவனோட நம்பருக்கு எதுக்குடி ரீசார்ஜ், லூசு?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறு. உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். பாதரிடம் சொல்லிப் பார்த்தேன். மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அது போதவில்லை.

நீ போய்ப் பதினாலு மாதம். மதியச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தவன் அப்படியே ஆபீஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாயாம். அந்த டிபன் பாக்ஸை அம்மா இன்னும் கழுவி மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

நீ விட்டுப்போனது ஐந்து கிட்டார். ஐந்தும் இன்னொருவர் வாசித்துப் பழையதானவை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்வரை போனில் விற்பனைக்கு வந்த கிட்டார் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பாய். "புதுசா ஒண்ணே ஒண்ணு வாங்கித் தொலையேன்டா" என்று அம்மா கத்துவாள். "புதுசுக்கு என்னம்மா தெரியும்?" என்பாய். விற்கிறவனிடம் விலை கேட்பதற்கு முன்னால், யார் வாசித்தது என்று கேட்பாய். அடுத்து, கம்பிகளைப் பிடித்திருக்கும் அந்த மரக்கட்டை, அதுதான் உன் பிரிட்ஜ், அதன் அடியில் ஒரு காகிதத்தை நுழைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வாய். காகிதம் உள்ளே போனால் கட்டை பெயர்கிறது என்று அர்த்தம், வாங்கக் கூடாது. எனக்கே மனப்பாடம் ஆகுமளவுக்குச் சொல்லியிருக்கிறாய்.

ஹாலில் மாட்டியிருந்தோமே, கல்கத்தாவில் செய்த அந்தப் பழைய கிட்டார், அதன் விளம்பரம் நினைவிருக்கிறதா? படத்தில் கிட்டார் பூப்போட்ட படுக்கை விரிப்பின்மேல் மல்லாந்து கிடந்தது. "அப்பா வாசித்தது. வீட்டில் வேறு யாருக்கும் வாசிக்க வராது" என்று கீழே எழுதியிருந்தார்கள். நாம் இரண்டு பேரும் சிரித்தோம், அண்ணா. ஸ்ரீராம்புரத்துச் சந்தில் போய் அதை வாங்கி, உன் வண்டியின் பின்னால் நான் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். இப்போது உன்னுடைய கிட்டார்களை விற்க அதே வரியைத்தான் நானும் எழுதினேன், "அப்பா" என்பதை மட்டும் மாற்றி. எழுதியதும் அழித்துவிட்டேன்.

ஏனென்றால் நான் விற்றது உன் போனில், உன் விற்பனைக் கணக்கில். நான் புதுசாக ஒரு கணக்கு திறந்தால் எவன் நம்புவான்? உன் பேருக்குப் பக்கத்தில்தான் வாங்கினவர்கள் கொடுத்த நட்சத்திரங்கள் வரிசையாக இருந்தன. முதல் ஆள் "ப்ரோ, இன்னும் இருக்கா?" என்று கேட்டான். கிட்டாரைத்தான் கேட்கிறான் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. "இருக்கு ப்ரோ" என்று போட்டேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் நீயாகிவிட்டேன். உன்னை மாதிரியே சிரிப்புப் பொம்மை போட்டு, உன்னை மாதிரியே மொக்கை ஜோக் அடித்து, நான்கு கிட்டாரை விற்றேன். எல்லாரும் உனக்கு நன்றி சொன்னார்கள்.

ஹாலில் இருந்ததை விற்கவில்லை. சந்தாபுரா பிரகாஷ் மட்டும் மாதாமாதம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் முந்தி நீ அவரிடமிருந்து தட்டிப் பறித்த கிட்டார் இல்லையா அது! "சேவிண்ணா, மனசு மாறிச்சா?" என்று ஒவ்வொரு முதல் தேதியும் கேட்பார். நீ "அடுத்த ஜென்மத்துல பாக்கலாம் பிரகாஷு" என்று போடுவாய். நீ போன பிறகும் முதல் தேதி வந்தது. அவர் கேட்டார். நானும் அதையே போட்டேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ உயிரோடு இருப்பதாக நினைத்து உன்னைத் தேடுகிற ஒரே ஒரு ஆளை எனக்கு இழக்க மனசில்லை.

இது சின்னக் குற்றம். பெரியது இனிமேல்தான் வருகிறது.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் சாயங்காலம், அம்மா சமையலறையிலிருந்து பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டாள். "சேவீ... காப்பி ஆறுதுடா!" ஹாலில் சுவரில் மாட்டியிருந்த கிட்டார் "ம்ம்ம்" என்றது. நான் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், கையிலிருந்த பேனா விழுந்துவிட்டது. அம்மா ஓடி வந்தாள். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி "ம்ம்ம்".

எட்டாம் வகுப்புக்கு அதிர்வு பாடம் நடத்துகிறவள் நான். ஒரு சுருதியில் குரல் எழுந்தால் அதே சுருதியில் கட்டிய கம்பி தானாக அதிரும். இரண்டு இசைக்கவையை மேஜைமேல் வைத்து வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை.

அப்புறம் தினமும் அதே கதை. நாலு மணிக்கு இரண்டு காப்பி போடுவாள், ஒன்று அவளுக்கு, ஒன்று உனக்கு. உன்னைக் கூப்பிடுவாள், நீ "ம்ம்" என்பாய், உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் உன்னிடம் சொல்லுவாள். கிட்டாரை யாரும் தொடக் கூடாது. "அவன் கையால கடைசியா திருகி வச்சது, அப்படியே இருக்கட்டும்." தூசிகூடத் தட்டவில்லை.

ஜூலை மழையில் கம்பிகள் தளர்ந்துவிட்டன. பெங்களூர் ஈரத்துக்கு எந்தக் கம்பி நிற்கும்? அம்மா கூப்பிட்டாள், பதில் இல்லை. நாலு தடவை, ஐந்து தடவை கூப்பிட்டாள். "என்மேல என்ன கோவம்டா உனக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாத்திரையையும் வேண்டாம் என்றாள். ஒருத்தரைக் கொடுத்தாகிவிட்டது, இன்னொருத்தரையும் கொடுக்க வேண்டுமா?

புதன்கிழமை அவள் சர்ச்சுக்கு, மாதா நவநாள் செபத்துக்குப் போனாள். நான் கதவைத் தாழிட்டுவிட்டு உன் கிட்டாரைத் தொட்டேன். ஹால் நடுவில் நின்று அம்மா மாதிரியே "சேவீ..." என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திருகாணியை முறுக்கினேன். மூன்றாவது கம்பி முனகியது. போதாது, அம்மாவுக்குக் காது மந்தம். ஆறு கம்பியையும் ஏற்றினேன். கிட்டார் முழுசாக அதிரும்வரை ஏற்றினேன். உன்னை அவள் குரலில் கூப்பிட்டதும் நான், அவளுக்கு உன் குரலில் பதில் வைத்ததும் நான். அந்த ஹாலில் அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் அண்ணா?

மறுநாள் நீ முன்னைவிடச் சத்தமாகப் பதில் சொன்னாய். அம்மா அழுதாள். "மன்னிச்சிட்டான்டி ரீட்டா!" நாலு இட்லி சாப்பிட்டாள். பிறகு புதன்கிழமைதோறும் அவள் நவநாளுக்குப் போவாள், நான் திருகாணிக்குப் போவேன்.

போன வெள்ளிக்கிழமை பிரகாஷ், "கிட்டாரைப் பாத்து நாளாச்சு, ஒரு போட்டோ போடுங்கண்ணா" என்றார். போட்டேன். பதில் உடனே வந்தது.

"அண்ணா, என்ன இது? பிரிட்ஜுக்குப் பின்னாடி வயிறு உப்பியிருக்கு. காகிதம் நுழைச்சுப் பாத்தீங்களா?"

பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டையின் மூலையைக் கிழித்து நுழைத்தேன். உள்ளே போனது. பாதிவரை போனது. நான் அப்படியே அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் கிட்டாரைக் கொன்றுகொண்டிருந்தது நான்தான்.

"இன்னிக்கே கம்பியைத் தளர்த்துங்கண்ணா, இல்லேன்னா கட்டை பிச்சுக்கும்" என்று எழுதினார். நான் பதில் போடவில்லை. தளர்த்தினால் அம்மா சாப்பிட மாட்டாள். தளர்த்தாவிட்டால் ஒருநாள் அவள் கண்ணெதிரே அது உடைந்து தெறிக்கும். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? உன் பேரில் இத்தனை பதில் எழுதினவளுக்கு அந்த ஒரு பதில் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், வாசலில் பிரகாஷ் நிற்கிறார். நாற்பத்தைந்து வயசு இருக்கும், கையில் ஹெல்மெட். சர்ச் பக்கத்தில் கிட்டார் சேவி வீடு என்று விசாரித்து வந்திருக்கிறார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், சேவிண்ணா போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு டீக்கடையில சொல்றாங்க. அப்போ முந்தாநேத்து எனக்கு போட்டோ போட்டது யாருங்க?"

அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள். "நான்தான், மன்னிச்சிடுங்க, உள்ள வந்து கிட்டாரை மட்டும் பாருங்க, அம்மாகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவைகூட உன் முகத்தைப் பார்க்காத மனுஷன், அண்ணா.

அம்மா காப்பி கொடுத்தாள். அவர் கிட்டாரை இறக்கவில்லை, சுவரில் இருந்தபடியே ஒரு கம்பியைத் தட்டினார். புருவம் சுருங்கியது. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, கிட்டார்க்காரர் வாயில் அது தானாக வந்துவிட்டது.

"ஆறு கம்பியும் இருக்க வேண்டிய சுருதிக்கு ரெண்டு ஃப்ரெட் மேல இழுத்திருக்கு. சேவிண்ணா இப்படி வைக்க மாட்டாரே!"

"அவன் வச்சதுதான் தம்பி. அதுக்கப்புறம் யாரும் கை வைக்கல" என்றாள் அம்மா.

"இல்லீங்கம்மா, கம்பி நாளாக நாளாகத் தளரும், ஏறாது. இதோ பாருங்க, எங்க பாத்தாலும் தூசி, திருகாணியில மட்டும் இல்ல..." என்றவர் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

அம்மா திருகாணிகளைப் பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள்.

"ஏன்டி ரீட்டா, மழைக்கு அப்புறம் என்கிட்ட பேசினது யாருடி?"

"நான்தாம்மா."

"அதுக்கு முன்னாடி?"

"அது அவன் வச்சதும்மா. மாதா சத்தியமா அவன் வச்சது."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை மடியில் மடித்து மடித்து நீவினாள். பிரகாஷின் காப்பி ஆறிப்போனது.

"கழட்டு தம்பி" என்றாள் கடைசியில். "அதை எதுக்கு சித்திரவதை பண்றீங்க."

ஒவ்வொரு கம்பியாகத் தளர்ந்தபோது ஒரு சத்தம் வந்தது. மேலிருந்து கீழே இறங்கி இறங்கி, கடைசியில் வெறும் கம்பி ஆடுகிற சத்தம். எனக்கு நீ இரண்டாம் தடவை போகிற மாதிரி இருந்தது. ஆறும் முடிந்ததும் அம்மா ஒரே ஒரு தடவை "சேவீ" என்றாள், சத்தம் போடாமல். சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஓடுவது மட்டும் கேட்டது. "எடுத்துட்டுப் போப்பா. ஒட்ட வச்சு நீயே வாசி. இங்க கொண்டு வராதே" என்றாள்.

பிரகாஷ் அதைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு போனார். பசை போட்டு, இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறாராம். படம் அனுப்பினார், என் நம்பருக்கு.

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சமைத்தாள், போட்டாள், போனாள். நான் அவளைப் பட்டினி போடக் கூடாதென்று செய்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். "என் பையனை எனக்குப் பொய்யா குடுத்தியே" என்றாள். உண்மைதான்.

நேற்று நாலு மணி. நான் அதே மேஜையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து, "சேவீ... காப்பி ஆறுதுடா!" பழக்கம்தான். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அம்மா உள்ளே காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "ம்ம்" என்று ஒரு முனகல் என் தொண்டைவரை வந்துவிட்டது, அண்ணா. சத்தியமாகச் சொல்கிறேன், வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"அம்மா, நான் ரீட்டாம்மா. நான் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

அவள் கதவோரம் வந்து நின்றாள். கையில் இரண்டு டம்ளர். ஒன்றை என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீ குடி" என்றாள்.

உன் அளவுச் சர்க்கரை. குமட்டியது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் கணக்கை இன்று மூடிவிடுகிறேன். வாங்கினவர்கள் நாலு பேருக்கும் நீ இறந்த செய்தியை என் பேர் போட்டு எழுதுகிறேன். இனி உன் வாயால் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அண்ணா. அம்மா உன்னைக் கூப்பிடுகிற நாளெல்லாம் நான் நானாகவே எழுந்துபோய் அவள் எதிரில் நிற்பேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ரீட்டா
லிங்கராஜபுரம்