மாடியில் ஓர் இரவல் அறை

அன்பு மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்காலைத் தவிர. அது மட்டும் அவரோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அம்மாவுக்கு என்ன திடீரென்று கடிதம் எழுதும் ஆசை என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. போனில் கேட்டால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். அதனால் எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைப் படிக்காதே. லீவு நாளில் உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் சேதி. மாடியில் உனக்கென்று கட்டிய அறை முடிந்துவிட்டது. ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று, ஃபேன் ஓடுகிறது, சுவருக்கு நீ கேட்ட வெளிர்மஞ்சள் அடித்தாயிற்று. காய்ந்த பிறகு பார்த்தால் அது அவ்வளவு வெளிராக இல்லை. மஞ்சள் காமாலை வார்டு மாதிரி இருக்கிறது என்கிறார் உன் அப்பா. ஆயுசுக்கும் நர்ஸ் வேலை பார்த்தவள் நானா அவரா என்று கேட்டேன், வாயை மூடிக்கொண்டார். இப்போது மாடிப்படிக்கும் கீழ் ஹாலுக்கும் டைல்ஸ் போடுகிறார்கள். உன் அப்பா ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தட்டித் திரிகிறார். அடியில் கலவை சரியாகப் பிடிக்காத கல் சத்தத்தில் காட்டிக்கொடுத்துவிடுமாம். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவருக்கு டைல்ஸில் என்ன இவ்வளவு ஞானம் என்று மேஸ்திரி என்னிடம் கேட்டார், யூடியூப் என்றேன்.

இந்த மேஸ்திரியோடு ஒருவன் வேலைக்கு வருகிறான். அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வெகு தூரத்திலிருந்து, ரயில் மாறி ரயில் ஏறி வந்தவன். நம் பேச்சு அவனுக்கு அரைகுறையாகத்தான் வரும், அவன் பேச்சு நமக்குச் சுத்தமாக வராது. மேஸ்திரிதான் இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்பவர். அவன் பெயர் உன் அப்பா வாயில் நுழையாததால் நெட்டையன் என்று வைத்துவிட்டார், அவனும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான். உன்னைவிட இரண்டொரு வயது சின்னவனாக இருப்பான். ஹாலில் முட்டி போட்டுக் கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் செல்லமாகத் தட்டி, கன்னத்தைத் தரையோடு வைத்து ஒரு கண்ணால் மட்டம் பார்ப்பான். தூளிக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். படுக்கை எங்கே என்று கேட்கிறாயா, பின்பக்கம் சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கிற தகரக் கொட்டகையில். கட்டட வேலைக்கு வருகிறவர்கள் அங்கேயே படுப்பது வழக்கம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டு வேளை டீ கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன், என் கடமை முடிந்தது என்று இருந்தேன்.

போன வாரம் ஒருநாள் அவனுக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தரையைத் தட்டிப் பார்க்கிறேன் பேர்வழி என்று உன் அப்பா மாடி ஏறினார். அங்கே உன் அறையில் நெட்டையன் தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறான். பேசிக்கொண்டே போனைத் திருப்பி ஃபேனைக் காட்டுகிறான், சுவரைக் காட்டுகிறான், ஜன்னலைத் திறந்து மூடிக் காட்டுகிறான். உன் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் அவன் போனை அணைத்துவிட்டான். நான் ஓடினேன், டீக்கடையிலிருந்து மேஸ்திரி ஓடிவந்தார், என்னடா ஏதடா என்று விசாரித்தார். கடைசியில் தயங்கித் தயங்கி, "அவங்க அம்மாகிட்ட இதுதான் தன் ரூம்னு காட்டியிருக்கான் சார்" என்றார். என் மகள் இன்னும் காலடி வைக்காத அறையை இவன் தன்னுடையது என்று சொல்கிறானா என்று உன் அப்பா குதித்தார். நாளையிலிருந்து இவன் வேண்டாம், வேறு ஆளைக் கொண்டுவருகிறேன் என்று மேஸ்திரியும் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு பாங்க்காரர் பால்கனியில் நின்று, இன்றைக்கு ரூமைக் காட்டுவான் நாளைக்கு வீட்டையே எழுதித்தரக் கேட்பான், எங்கெங்கிருந்தோ வந்து குவிகிறார்கள் என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். அவர் மகன் பிளேன் ஏறினால் வேலைக்குப் போயிருக்கிறான், அடுத்தவன் மகன் ரயில் இறங்கினால் வந்து குவிகிறான். என்ன கணக்கோ.

நெட்டையன் ஈரத்துணி எடுத்து வந்து நாற்காலிக்கால் பட்ட இடத்தைத் துடைக்க ஆரம்பித்தான். அப்போது அவன் போன் மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பா என்று நான்தான் சொன்னேன். எடுத்தான். அவன் அம்மா. என் வயதுதான் இருக்கும், முன்பல் ஒன்று இல்லை, பின்னால் பூசாத செங்கல் சுவர். ஏன் கட் ஆயிற்று என்று கேட்டிருப்பாள், பாவம், முகத்தில் அவ்வளவு பயம். அவன் ஏதோ சொன்னான். அவள் ஏதோ கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "அம்மா... நீங்க கொஞ்சம் சிரிக்கணும்" என்றான்.

எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. சிரித்தேன். அந்த அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னவோ நீளமாகப் பேசினாள், கண் கலங்கப் பேசினாள். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் வாசற்படியில் நின்றபடியே தணிந்த குரலில் சொன்னார். "வீட்டுக்காரம்மா தினமும் முட்டை வெச்சுச் சோறு போடுறீங்களாமே. இருமல் வந்தப்போ வெந்நீர் வெச்சுக் குடுத்தீங்களாமே. அவன் சொல்லுவானாம். அதனால நான் நிம்மதியா தூங்குறேன்னு சொல்றாங்கம்மா." நான் அவனுக்கு ஒரு முட்டை போட்டதில்லை. அவனுக்கு இருமல் என்பதே எனக்குத் தெரியாது. இருந்தாலும் அந்த அம்மாளைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன், பல்லைக் காட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை புரியாமல்.

அப்படித் தலையாட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் மகளே எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் நீ ஒரு பெண்மணியைப் போனில் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா. நரைத்த முடி, கண்ணாடி, நீலக் கோட்டு. இவங்கதாம்மா எங்க வீட்டுக்கார ஆன்ட்டி, எனக்கு சூப் வெச்சுத் தருவாங்க என்றாய். நான் அவளிடம் நம் பேச்சிலேயே என்னவெல்லாமோ பேசினேன், உனக்குக் குளிர் தாங்காது என்றேன், நீ பசியை வாய்விட்டுச் சொல்லமாட்டாய் என்றேன், எங்கள் பெண் இனி உங்கள் பெண் என்றேன். அவள் சிரித்தாள், தலையாட்டினாள். நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது என்ன தலையாட்டல் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை, இப்போது நானே ஆட்டிப் பார்த்த பிறகு தெரிகிறது. யாரம்மா அவள்? நிஜமாகவே வீட்டுக்காரியா, இல்லை வழியில் போனவளைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னாயா?

கீழே வந்து உட்கார்ந்தேன், ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நீ எப்போதும் ஒரே ஜன்னலுக்கு முன்னால்தான் உட்காருகிறாய். கட்டிலைக் காட்டு என்றால் துணி கலைந்து கிடக்கிறது என்கிறாய். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கை நீண்டு உன் பின்னாலிருந்து பையை எடுத்துக்கொண்டு போயிற்று, ஃபிரெண்ட் என்றாய். நானும் சரி என்றேன். வார்டில் நான் பார்க்காததா இது? வலியில் துடித்துக்கொண்டிருப்பார்கள், பார்வையாளர் நேரம் வந்ததும் எழுந்து உட்கார்ந்து தலை சீவிக்கொள்வார்கள், நாளைக்கே டிஸ்சார்ஜ் என்பார்கள். சொந்தக்காரர்கள் கதவைத் தாண்டியதும், சிஸ்டர் ஊசி போடுங்க என்பார்கள். அத்தனை பேரைக் கண்டுபிடித்த எனக்குப் பெற்ற பெண்ணைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கண்டுபிடிக்க வேண்டாம் என்று இருந்தேனோ என்னவோ.

சாயங்காலம் மேஸ்திரிக்கு டீ கொடுத்து உட்காரவைத்துக் கேட்டேன். எல்லோரும் செய்வதுதான் என்றார். இதற்கு முன்னால் வேலை பார்த்தது ஒரு பெரிய வீடாம், ஹாலில் கண்ணாடிச் சரவிளக்காம், அதன் கீழே நின்று பேச அவர் ஆட்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்களாம். நல்ல சட்டை ஒன்றுதான், அதுவே ஆள் மாற்றி ஆள் போகுமாம். அவரும் சின்ன வயதில் அப்படி நின்றவர்தானாம். "கட்டுறவங்க நாங்க. நீங்க குடிபோற வரைக்கும் கொஞ்ச நாள் அது எங்களோட வீடும்மா" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் நம் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் இங்கே இல்லை. அந்த வீடுகளுக்குக் கல் பதிக்க, தண்ணீர்க் குழாய் மாட்ட, முடியாமல் படுத்தவர்களைத் தூக்கி உட்காரவைக்க வேறு யார் வீட்டுப் பிள்ளைகளோ வருகிறார்கள். நீ அங்கே முதியோர் இல்லத்தில் யாரையோ பெற்றவர்களைக் குளிப்பாட்டிவிடுகிறாய், அவர்கள் பெற்றதுகள் எந்த ஊரில் யாருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறதுகளோ. உலகம் பூராவும் இப்படித்தான் ஒருவர் வீட்டை இன்னொருவர் வந்து தாங்கிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. தாங்குகிறவர்களுக்குத்தான் படுக்க இடமில்லை.

உன் அப்பாவிடம் அந்த நீலக்கோட்டுக்காரியைப் பற்றி நான் நினைத்ததைச் சொன்னேன். நெட்டையனை அனுப்பக்கூடாது, வேலை முடிகிற வரை அவன் மாடி அறையில்தான் படுக்கவேண்டும் என்றும் சொன்னேன். ஒரு சண்டைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். அவர் நாணயத்தை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்க் கீழே கிடந்த கட்டிலைக் கழற்றி, அந்த முழங்காலோடு, ஒவ்வொரு பலகையாக மேலே கொண்டுபோனார். கூடத் தூக்க வந்த நெட்டையனையும் தள்ளிவிட்டார். மூச்சு வாங்க இறங்கி வந்து, "கொட்டகையில ஈரம். அவன் இருமுறது எனக்கு முன்னாடியே கேட்டுச்சு" என்றார். அவ்வளவுதான். புது அறையில் முதன்முதலில் வேற்றாளா என்று பாங்க்காரர் கேட்டதற்கு, உங்கள் பையனும் எங்கேயோ யாருக்கோ வேற்றாள்தான் சார் என்று சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை, எனக்கும் கொஞ்சம் காது குளிர்ச்சியாக இருக்கிறது. நெட்டையன் முதல் நாள் நான் சோற்றோடு வைத்த முட்டையைத் தொடவே இல்லை, கூச்சம். மறுநாள் சாப்பிட்டான். நேற்று உப்புக் குறைவு என்று சைகை காட்டினான். எவ்வளவு திண்ணக்கம் பார், ஆனால் அப்போதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் அதுவும் ஒரு பொய். நான் கவலைப்படக்கூடாது என்றுதானே செய்தாய். அந்தப் பெண்மணி உனக்கு நிஜமாகவே சூப் வைத்துக் கொடுக்கிறவள் என்றால் நான் இவ்வளவு எழுதியதையும் மன்னித்துவிட்டு, என் நன்றியை அவளிடம் சொல். இல்லை, யாரோ ஒருத்தி, நீ கேட்டாய் என்பதற்காக நின்று முகம் கொடுத்தாள் என்றால் அவளுக்கு இரண்டு மடங்கு நன்றி சொல். முன்பின் தெரியாத ஒரு தாய்க்காகச் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முடியவே முடியாது என்று ஆகிவிட்டால் கிளம்பி வா, எவன் என்ன சொல்வானோ என்று பார்க்காதே. நீ வந்தால் ஹாலில் படுத்துக்கொள்வதாக நெட்டையன் இப்போதே சொல்லிவிட்டான். இருக்க முடிகிறது, இருக்கத்தான் பிடிக்கிறது என்றால் இரு, அதுவும் உன் இஷ்டம். பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு நல்ல அறை ஒன்றும் வேண்டாம், நீ பாடுபடுகிறாயே, அது போதும்.

ஒன்றே ஒன்று மட்டும் செய். அடுத்த முறை பேசும்போது அந்த ஜன்னலை விட்டு எழுந்து, நீ படுக்கிற இடத்துக்குப் போய்ப் போனைத் திருப்பிக் காட்டு. நாலு பேர் படுத்திருக்கட்டும், கட்டில் மேல் கட்டில் இருக்கட்டும், சுவரில் ஈரம் ஊறியிருக்கட்டும். நர்ஸாக இருந்தவள், எதைப் பார்த்தும் மூக்கைப் பொத்தமாட்டேன். உன்னை ஆண்டவன் காப்பாற்றட்டும், நோய்நொடி அண்டாமல், யார் முன்னாலும் கூனிக் குறுகாமல் நீ நிமிர்ந்து நடக்கவேண்டும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, கையுறை இல்லாமல் பாட்டிகளுக்குப் புண் துடைக்காதே. படுக்கப் போகும்போது தினமும் உன்னை நினைத்துத்தான் கண்ணை மூடுகிறேன். இத்தனை நாளாக மனசுக்குள் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, அதில் உன்னைப் படுக்கவைத்து, போர்த்திவிட்டுத்தான் நான் தூங்கியிருக்கிறேன். நீ இல்லாத இடத்தில் போர்த்தியிருக்கிறேன். எங்கே வந்து போர்த்த வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்