மோரும் முட்டையும் இல்லாத மேட்ரன் தோசை

பச்சை உருளைக்கிழங்கைத் துருவும்போது ஒரு மண் வாசனை வருமே, அது இன்று காலை என் சமையலறையில் எழுந்தது. உடனே எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது, அக்கா. நீங்கள் போய் இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை.

துருவியது நானில்லை, என் மகள். பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். பால், தயிர், முட்டை, நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டாளாம். வீகன் என்கிறாள். கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அயர்லாந்து உருளக்கெழங்கு பான்கேக்கும்மா. மேல ஊத்திக்கறதுக்கு க்ரீமாட்டம் ஒரு டிரெஸ்ஸிங். துளி பால் கெடையாது, முந்திரியிலயே பண்றாங்க பாரேன்" என்றாள். உலகத்தில் வேறு யாருமே இதைச் செய்ததில்லை என்பது போல. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு அப்படி.

அதோடு விட்டாளா? "நம்ம சிஸ்டர் பெரியம்மா கூட இப்படித்தானே? பாலு வேணாம், முட்ட வேணாம்னு ஒரே பிகு பண்ணிக்குவாங்களே. ஏம்மா அப்டி?" என்று கேட்டாள்.

பிகுவாம். இதைக் கேட்கத்தான் நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

அவளுக்கு இரண்டு வயதில் தொண்டை அடைப்பான் வந்து மூச்சுத் திணறியபோது நீங்கள் நர்ஸாக இருந்த வார்டில்தான் சேர்த்தோம். கட்டிலின் இந்தப் பக்கம் நான் முழங்கால் போட்டிருந்தேன். அந்தப் பக்கம் நீங்கள் நர்ஸ் தொப்பியோடு நின்று அவள் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவள். வேதத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்து நானே எழுத்துக் கூட்டிப் படித்தவள். எனக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றுதான், உமது சித்தம் ஆகட்டும் என்பது. நீங்கள் என்ன சொல்லி ஜெபித்தீர்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்த வாரம் நீங்கள் எங்கள் தெருவிலிருந்த உங்கள் அறைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தீர்கள். காப்பிக்குப் பால் வைத்தேன்.

"எனக்கு வேணாம். பால் வுட்டுட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"பாலு மட்டும் இல்ல. தயிரு, நெய்யி, முட்ட, கறி, மீனு எல்லாந்தான். பாப்பாவுக்குத் திடப்படுத்தல் ஆவற வரைக்கும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய புத்தி உடனே கூட்டிப் பார்த்தது. பிள்ளைக்கு இரண்டு வயது. எங்கள் சபையில் திடப்படுத்தல் கொடுத்து நற்கருணைக்குச் சேர்ப்பது பதினாலோ பதினைந்தோ ஆன பிறகு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உங்கள யாருக்கா கேட்டது?" என்று கத்தியேவிட்டேன்.

நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அடுப்பப் பாரு. பால் பொங்குது" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை சண்டை! ஆண்டவர் என்ன அடகுக் கடையா வைத்திருக்கிறார், ஒன்றை வைத்து ஒன்றை மீட்பதற்கு என்று நான் கேட்பேன். "எனக்கும் அவருக்கும் நடுவுல நீ எதுக்கு வர்ற?" என்பீர்கள். எப்படி வராமல் இருப்பது? என் பிள்ளை அல்லவா? போதாததற்கு அவளிடம் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்து வாக்கும் வாங்கிக்கொண்டீர்கள். "தெரிஞ்சா என்னப் பாக்கறப்பல்லாம் பயந்துக்கும். புள்ள புள்ளையாட்டம் இருக்கட்டும்."

சரி, பிள்ளை பிழைத்தால் இதையெல்லாம் விடுகிறேன் என்று ஆண்டவரிடம் பொருத்தனை செய்தீர்கள். அதைச் சத்தமில்லாமல் வெளியிலாவது சமாளித்தீர்களா? பக்ரீத் அன்று பக்கத்து வீட்டு அம்மா பிரியாணியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னா சிஸ்டரம்மா, நம்ம வூட்டு பிரியாணி மேல இன்னா கோவம்?" என்று கேட்டால், "வயிறு பேஜார் பண்ணுதுக்கா" என்பீர்கள். சபைப் போதகரின் மனைவி ஐயரம்மாவிடம் டாக்டர் சொன்னதாகச் சொல்வீர்கள். என் வீட்டுக்காரரிடம் உஷ்ண உடம்பு என்பீர்கள். ஆண்டவருக்காக ஒரு பொருத்தனை, அதை மறைக்க ஆளுக்கு ஒரு பொய். எந்தப் பொய்யை யாரிடம் சொன்னீர்கள் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியவள் நான். கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டையில்லாமல் உங்களுக்கு ஒரு தனித் தட்டு. அதைப் பார்த்து என் மகள் "ராணியம்மா கேக்கு" என்று பழித்துக் காட்டுவாள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். எனக்குத்தான் அவள் முதுகில் இரண்டு வைக்கலாம் போலிருக்கும்.

ஒரு கோடையில் வார்டிலேயே மயங்கி விழுந்தீர்கள். ரத்தம் கம்மி, பாலும் முட்டையும் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ரிக்‌ஷாவில் நேரே என் வீட்டுக்கு வந்து என் கட்டிலில் படுத்துக்கொண்டு, "டாக்டருக்கு இன்னா தெரியும்" என்றீர்கள். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"விட்டுடுங்கக்கா. என் பொண்ணுக்காகத்தானே? அவளப் பெத்தவ நான் சொல்றேன், விட்டுடுங்க."

"விட்டுட்டு, அப்புறம் அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா? நீ தாங்குவியா?"

ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அதுவரை உங்களிடம் அத்தனை வாதாடியவள், அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. உங்கள் கயிற்றில் என்னையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். இனி உங்களை அந்தக் கட்டுக்குள்ளேயே சாப்பிட வைத்து நிமிர்த்த வேண்டும், இல்லையென்றால் என் பிள்ளைக்காக நீங்கள் என் கண் முன்னால் காய்ந்து போவீர்கள்.

"இன்னா சாப்பிடணும்னு தோணுது, அதயாவது சொல்லுங்க."

"எங்க ஐரிஷ் மேட்ரன் ஞாயித்துக்கெழம நர்ஸிங் ஹாஸ்டல்ல சுடுவாங்களே, அந்த உருளக்கெழங்கு தோச. மேல வெள்ளையா, கெட்டியா ஒண்ணு ஊத்துவாங்க. ஆனா மோரு, முட்ட, வெண்ண, பாலேடுன்னு எல்லாமே அதுல இருக்கும். வுடு."

விடுவேனா? பாதிக் கிழங்கைப் பச்சையாகத் துருவி, பாதியை வேக வைத்து மசித்து, மைதா சேர்ப்பார்கள் என்று உங்கள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். தோசை என்றீர்கள், மாவு என்றீர்கள். மாவென்றால் புளிக்க வேண்டாமா? கரைத்து மூடி வைத்துவிட்டேன். காலையில் திறந்தால் கன்னங்கரேலென்று ஒரு குழம்பு, வீடெல்லாம் நாற்றம். ராணிப்பேட்டை தோல் ஃபேக்டரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "இன்னாடி, தோல் ஊறப்போடற தொட்டிய வூட்டுக்கே கொண்டாந்துட்டியா?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நீங்கள் படுத்த இடத்திலிருந்தே சிரித்தீர்கள். "உருளக்கெழங்கப் புளிக்க வெச்சவ உலகத்துலயே நீ ஒருத்திதாண்டி." மயங்கி விழுந்தவருக்கு அவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வந்ததோ!

மறுபடியும் செய்தேன். துருவியதை உடனே துணியில் போட்டுப் பிழிந்தேன். பிழிந்த தண்ணீரின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளை மாவு படிந்தது. அதைக் கொட்டாமல் கலவையிலேயே சேர்த்தேன். முட்டைக்குப் பதில் அதுவே பிடித்துக்கொண்டது. மோரின் புளிப்புக்குப் பழைய சோற்று நீராகாரம். வெண்ணெய்க்குக் கடலை எண்ணெய். ஊற வைத்த முந்திரியை அம்மியில் மைய அரைத்து, முதல் தேங்காய்ப் பாலில் கலந்து, எலுமிச்சையும் மிளகுத் தூளும் போட்டு, வெங்காயத் தாளைப் பொடியாக நறுக்கித் தூவினேன். இரும்புக் கல்லில் ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று வந்தது.

ஒன்றைச் சாப்பிட்டீர்கள். விரலில் ஒட்டியிருந்த வெள்ளையையும் நக்கினீர்கள். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை வந்ததா? "மேட்ரன் இவ்ளோ மொளகு போட மாட்டாங்க. இன்னொண்ணு போடு."

அன்றிலிருந்து வாரம் தவறாமல் சுட்டேன். கூடவே வேர்க்கடலையும் முருங்கைக் கீரையும் கேழ்வரகுமாகத் திணித்தேன். மெல்ல மெல்ல உங்கள் தோள் எலும்பு உள்ளே போயிற்று.

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஷப் வந்து என் மகள் தலையில் கை வைத்தார். வெள்ளை முக்காட்டோடு அவள் எழுந்து நின்றபோது நான் உங்களைத்தான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் மேட்ரன் செய்த மாதிரியே முட்டை, மோர், வெண்ணெய், பாலேடு எல்லாம் போட்டுச் சுட்டு வைத்தேன். மென்று பார்த்தீர்கள். முகத்தைச் சுளித்தீர்கள்.

"மாவாட்டம் இருக்குது. உன்னோடதே போடு."

பாலேட்டுக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும், அக்கா. அதற்குப் பிறகும், கடைசி வரைக்கும் நீங்கள் பாலைத் தொடவில்லை. கேட்டால் "பழகிப்போச்சி." நன்றி சொல்ல நான் வாயெடுத்தபோதெல்லாம் உங்களுக்கு ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும். அதைச் சொல்லாமலேயே உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்தேன்.

இன்று காலை அவள் பிகு என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன். தொண்டை அடைப்பான், வார்டு, பொருத்தனை, எல்லாவற்றையும். உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தாயிற்று. கோபித்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கோபித்துக்கொள்ள எனக்கும் நிறையவே இருக்கிறது.

அவள் தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மூக்கு நுனி சிவந்துவிட்டது. ஐம்பதைத் தொட்ட பெண், சின்னப் பிள்ளை போல என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அவங்கள யாரும்மா கேட்டது?"

கல்லில் ஓரம் கருகும் வாசனை வந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வெங்காயத் தாளை நறுக்கக் குனிந்துகொண்டேன்.

"அடுப்பப் பாரு" என்றேன். "தீயுது."