வாசல் வளைவுக்கு நான் சொன்ன நிறம்

ஆகஸ்ட் 6, 2025, புதன்

மாடி வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் ஏற்பாட்டில் நானாகப் போய் மூக்கை நுழைத்தேன் என்று பால் ஊற்றும் ராமதாஸ் தெருமுனையில் சொல்லியிருக்கிறான். தவறு. என்னைத் தேடி வந்தது பரிமளாதான். ஷிப்ட் முடிந்து செய்யார் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள், முகம்கூடக் கழுவாமல் என் கதவைத் தட்டினாள். பின்னால் அவள் கணவன் தென்னரசு, செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு.

"எழிலுக்கு இருபத்தி நாலாம் தேதி பத்து வயசு முடியுதுங்கம்மா. மொட்டமாடியில கேக் வெட்டறோம். கேட்ல பலூன் ஆர்ச் வைக்கலாம்னு இருக்கோம். எந்தக் கலர் வைக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

நிறத்துக்கு இந்த ஊரில் என்னிடம் வராமல் வேறு யாரிடம் போவார்கள்? என் கணவர் இருந்தவரை நூல் வாங்கியதும் சேலை விற்றதும் அவர். உடலுக்கு எது, பார்டருக்கு எது, முந்திக்கு எது என்று முப்பத்தொரு வருடம் சொன்னது நான். நான் சொன்ன சேர்க்கையில் ஒரு சேலைகூடக் கடையிலிருந்து திரும்பி வந்ததில்லை.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு இந்தத் தெருவில் வீடு கொடுத்தது நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் முதலில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்களாம். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

எழிலரசி செல்போனோடு படியிறங்கி வந்தாள். படம் காட்டினாள். வளைவு முழுக்கக் கருநீலம், நடுநடுவே வெள்ளி நட்சத்திரங்கள்.

"ராத்திரி வானம், ஆயா! ஃபுல்லா ப்ளூ. கவுனும் ப்ளூதான் எடுத்துகினு வந்துட்டோம்."

"ஆயா இல்லை, மேடம்." எத்தனை முறை சொல்வது?

"சரி, மேடம் ஆயா."

வாய் நீளம். ஆனால் சிரிப்பு வந்தது.

பரிமளாவைக் கூப்பிட்டு நீலம் வேண்டாமென்று சொன்னேன். ஆறு மணிக்கு மேல் டியூப்லைட் வெளிச்சத்தில் கருநீலம் செத்துவிடும், கறுப்பாகத்தான் தெரியும். அரக்கும் மாம்பழ மஞ்சளும் வைக்கட்டும். முகூர்த்தச் சேலைச் சேர்க்கை, யார் பார்த்தாலும் கண் நிற்கும். "சரிங்கம்மா" என்றாள் பரிமளா. பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

பலூன் வளைவு கட்டும் ஹேமநாத் பையோடு வந்தான். ஊதாத பலூன்களைத் தாம்பாளத்தில் பரப்பி, நூல் பார்ப்பதுபோலவே வாசல் வெயிலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். பட்டில், நூலாகப் பார்க்கும்போது இருப்பதைவிட நெய்த பிறகு நிறம் ஒரு படி கூடும். அதனால் மனதில் இருப்பதற்கு ஒரு படி வெளுப்பாகத்தான் எடுப்பேன். இதிலும் அப்படியே எடுத்தேன்.

"ஊதினா இன்னும் லைட்டாயிடும்மா. டார்க்கே எடுத்துக்கங்க."

"எனக்கு நீ நிறம் சொல்லித் தரியா?"

"ஐயோ, உங்களுக்கா? நான் வெறும் காத்து அடிக்கறவன்மா" என்று சிரித்தான்.

பையின் அடியில் ஒரு கட்டுக் கருநீலம் கிடந்தது. யாருக்கு என்றேன். "அது இருக்கட்டும்மா" என்று பையை மூடிவிட்டான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வளைவு சரியாக வரவில்லை. இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஹேமநாத் சொன்னதுதான் நடந்தது. ஊத ஊத நிறம் ஓடிப்போயிற்று. அரக்கு செங்கல் தூளாகியது. மாம்பழ மஞ்சள், பல தண்ணீர் பார்த்த பழந்துணி மாதிரி. அதன் கீழே கருநீலக் கவுனில் எழில், வேறு யாருடைய வீட்டு விசேஷத்துக்கோ வந்தவள்போல நின்றாள். போட்டோ எடுக்க நேரம் வந்தபோது வளைவுப் பக்கம் யாரும் வரவில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார்கள். சத்தம் கீழே கேட்டது.

ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இனி எழுதப்போவது அதைவிடப் பெரிது. பரிமளாவின் அப்பா சடையன் பெரணமல்லூரிலிருந்து வந்தார். வெள்ளை வேட்டி, கையில் வேர்க்கடலை உருண்டை டப்பா. மற்றொரு கையில் செருப்பு. காலில் இல்லை, கையில். வளைவுக்கு வெளியே தெருவிலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"உள்ள வரலாங்களா?"

நான் வராந்தாவில் நாற்காலியில் இருந்தேன். 'வாங்க' என்று ஒரு சொல். அது வரவில்லை. வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதன் நிறத்தில் மூழ்கிவிட்டவள்போல. எவ்வளவு நேரம்? அவர் செருப்பைக் கை மாற்றிப் பிடிக்கும் நேரம்.

எழில் ஓடி வந்தாள். "தாத்தா! இன்னாத்துக்கு செருப்ப கையில வெச்சிகினு தெருவுலயே நின்னுகினு கீற? கால்ல போடு, வா!"

"இரு புள்ள, அந்தம்மா சொல்லட்டும்."

"நான் சொல்றேன், வா."

குனிந்து அவளே செருப்பைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்து இழுத்துப் போனாள். என்னைத் தாண்டும்போது நின்றாள்.

"மேடம், யாரு வீடுன்னு கேட்டா, எங்க வீடுன்னு சொல்லலாமா?"

கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். வெறும் மேடம். ஆயாவை விட்டுவிட்டாள். நான் அத்தனை முறை கேட்டது அதைத்தானே?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஒன்பதாம் தேதிக் குறிப்பில் ஒரு பேச்சை எழுதாமல் விட்டிருக்கிறேன். நேற்று அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். எவ்வளவு ஒழுங்கான கையெழுத்து.

டியூப்லைட் பற்றிச் சொன்ன பிறகு பரிமளா கேட்டாள், "ஓரத்துலயாவது கொஞ்சம் நீலம் வைக்கலாங்களா? ஆசப்படுது."

நான் சொன்னது: "வேணாம் பரிமளா. கேட்ல நீலம் கட்டினா, இது யாரு வீடுன்னு தெருவுல கேப்பாங்க."

பிள்ளை படியில் இருந்தாள்.

இந்தத் தெருவில் நீலம் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பெரணமல்லூர் சாலையில் ஒவ்வொரு காலனி முகப்பிலும் நீலக் கொடி, நீலக் கோட்டுச் சிலை. அந்தப் பிள்ளைக்கு அது ராத்திரி வானம். கொடியாகப் பார்த்தது நான். கொடியாகவே இருந்தால்தான் என்ன? அவர்களுக்கு வீடு கொடுத்தேன், 'என்ன ஆளுங்க' என்று கேட்கவில்லை என்று பெருமையாக எழுதி வைத்தேனே. கேட்கவில்லை, சரி. தெரியாமலா இருந்தேன்? தெரிந்ததை வாசலில் யாரும் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் என் பெருந்தன்மை.

கருநீலம் டியூப்லைட்டில் மங்கும் என்பது உண்மை. உண்மையச் சொல்லிகினே பொய் சொல்லியிருக்கேன். சே, என்ன பொம்பள நான்.

செப்டம்பர் 4, வியாழன்

ஹேமநாத் கடைக்கு நடந்தே போனேன். அந்த நீலக் கட்டு யாருடையது என்று நேராகக் கேட்டேன். பலூன் பம்ப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"எழிலு பொண்ணுதுதாம்மா. ஒண்ணாந் தேதியே வந்து நீலம்னு சொல்லிட்டாங்க. உங்க கேட்ல கட்டறதாச்சே, அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறோம்னு உங்ககிட்ட வந்தாங்க."

அவர்கள் நிறம் கேட்க வரவில்லை. அனுமதி கேட்க வந்திருக்கிறார்கள். தென்னரசு படிக்குக் கீழே செருப்பை விட்டபோதே புரிந்திருக்க வேண்டும். என் கண்ணைப் புகழ வந்தார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9

இன்று படியில் சத்தமே இல்லை. எழில் பின்பக்கமாகப் போய் வருகிறாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாடி காலி. செய்யாரிலேயே வீடு பார்த்துவிட்டார்கள். "கம்பெனிக்கு நடந்தே போயிடலாங்கம்மா" என்றாள் பரிமளா. சாவியை இரண்டு கையாலும் கொடுத்தாள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தாள், ஜன்னல் கம்பி உட்பட. எழில் வண்டியின் முன்சீட்டில் இருந்தாள். எவ்வளவோ சொல்ல நினைத்து, "நல்லா படிக்கச் சொல்லு" என்றேன். அதுதான் வந்தது.

நான்தான் அவர்களைக் காலி பண்ணச் சொன்னேன் என்று ராமதாஸ் சொல்லித் திரிகிறான். இதை நான் திருத்தப் போவதில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

தப்பு செய்தால், நான் படித்த கான்வென்ட்டில் அதை எங்களையே எழுதிக் கையெழுத்துப் போட வைப்பார்கள். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது கடிதம் நாளை தபாலில் போகும். பிரதி இங்கே:

அன்புள்ள பரிமளாவுக்கு,

டியூப்லைட் என்று நான் சொன்னது சாக்கு. நீலம் என் வாசலில் தெரியக் கூடாது என்றுதான் வேண்டாம் என்றேன். நீ அன்றே புரிந்துகொண்டாய். எழிலும் புரிந்துகொண்டாள். எனக்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

உன் அப்பா வாசலில் நின்று கேட்டது என் காதில் விழுந்தது. விழாததுபோல இருந்தேன். இதை அவரிடம் சொல்.

எழில் கேட்ட கேள்விக்குப் பதில்: ஆம், உங்கள் வீடு என்று சொல்லலாம். அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு இதை வாசித்துக் காட்டு. அவள் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி.

போனில் பேசாதே. போனில் என்றால் நீ "பரவாயில்லைங்கம்மா" என்று சொல்லிவிடுவாய். அது எனக்கு வேண்டாம். என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். நீ நினைப்பது எதுவானாலும், இரண்டு வரியானாலும், தயவுசெய்து எழுத்தில் பதில் போடு.

விருத்தாம்பாள்