சனிக்கிழமைக்குள் சிம்னி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். லாரித் தூசி ஜன்னல் கம்பிகளில். இருமுறை துடைத்தாயிற்று.

ஏழே காலுக்கு ஜெயந்தி போன். சனிக்கிழமை புனேயிலிருந்து வருகிறாளாம். கூடவே ஹாஸ்டல் காண்டிராக்டர் ஒருவரும். "சும்மா பாத்துட்டுப் போகட்டும்மா, பாத்தா என்ன இப்ப?" வீட்டை அவருக்கு விட்டுவிட்டு நான் மகளோடு புனேக்குப் போக வேண்டும். இதுதான் திட்டம். கம்பெனிப் பிள்ளைகளை அறைக்கு எட்டுப் பேராக அடைக்கிறவர் அவர். பென்னலூரில் அவர் எடுத்த வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வாசல் முழுக்கச் செருப்பு.

முடியாது என்றேன். உடனே சிம்னிப் பேச்சு.

போன தடவை ஜெயந்தியும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது பாயசத்துக்குப் பால் கொதிக்கையில், அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய், தார் போல, நேராகப் பாலுக்குள். மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பாயசம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவள்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். "உன் கிச்சன்ல இப்படி நடக்குமாம்மா? அப்பா இருந்தப்ப நடந்துதா? உன்னால முடியல. ஒத்துக்கோயேன்."

முழங்கால் போனதிலிருந்து ஸ்டூலில் ஏறவில்லை. மூன்று வருடம். கீழே மேடையை மூன்று வேளையும் துடைத்திருக்கிறேன். தலைக்கு மேலே பார்க்கவில்லை.

"சிம்னி சுத்தமா இருந்தா இந்தப் பேச்சை விட்டுடுவியா?" என்று கேட்டேன். சிரித்தாள். "சரி சரி, வந்து பாக்கறேன்." வாக்கு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியவை:
எண்ணெய்ப் புகையை வடிகட்டும் வலைகள் (2) கழற்ற.
எண்ணெய் வடியும் கிண்ணம்.
உள்ளே விசிறி. எட்டினால்.
வெளிக்குழாய் வாய். பல்லி முட்டை இருக்கும்.
வாஷிங் சோடா, கையுறை, பழைய பல் பிரஷ்.

சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதாக இல்லை. கடைசியாக வந்தவன் செருப்புக் காலோடு சமையல் மேடையில் ஏறினான்.

இரவுக்கு ரசம் போதும்.

ஜூலை 8, செவ்வாய்

மேகம் உண்டு, மழை இல்லை. தண்ணீர் லாரி வரவில்லை.

ஸ்டூல் ஆடியது. சாப்பாட்டு நாற்காலியில் ஏறினேன். இடது கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் வேலை. முதல் வலை வந்துவிட்டது. இரண்டாவது எண்ணெயில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. வெண்ணெய்க் கத்தியால் நெம்பி நெம்பி அரைமணி நேரம். நடுவில் ஒருமுறை இறங்கி உட்கார்ந்தேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

பார்த்துவிட்டாள். முனியம்மா, பின்சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. அடுப்புக்கு மேலே உள்ள பெரிய புகைக் கூண்டுகளைத் தேய்ப்பதுதான் அவள் வேலையே.

"இன்னா பெரிம்மா, இந்த வயசுல சேர் மேல சர்க்கஸா? வுயுந்து வெச்சா நான்தான தூக்கினு ஓடணும்?"

"சிம்னி கழற்றுகிறேன்."

"அட, குடு இப்டி. ஷிப்ட்டு முடிச்சினு வந்து தேச்சி குடுத்துட்றேன். எங்கள்து ஒண்ணு ஒண்ணும் கதவு சைசு கீது. இது எனுக்கு தம்மாத்தூண்டு."

வேண்டாம் என்றேன். அவள் தேய்த்தால் அது அவள் தேய்த்தது. ஜெ. கேட்டால் என்ன சொல்வேன்? நானே செய்தேன் என்று சொல்ல வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

"எதுல ஊற வெக்கப்போற?" என்றாள் மு.

"அதெல்லாம் எங்களுக்குக் கான்வென்டிலேயே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்."

"அப்ப சர்தான். நீ பட்ச்சவ" என்று சொல்லிவிட்டுப் போனாள். குத்தலா என்று தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

கடைவீதி. ஷேர் ஆட்டோவில் எல்லார் கழுத்திலும் கம்பெனி அடையாள அட்டை. என் கழுத்தில் மட்டும் இல்லை.

வாஷிங் சோடா கிடைக்கவில்லை. மூன்றாவது கடைக்காரர்: "அதெல்லாம் இப்ப யாரும்மா வாங்குறாங்க? காஸ்டிக் சோடா கீது, எத்துனு போ. அத்தவுட ஸ்ட்ராங்கு. எண்ணெ கிண்ணெ ஒண்ணும் நிக்காது." வாங்கிக்கொண்டேன். சோடா சோடாதானே.

அந்த நாளில் கான்வென்ட் விடுதிச் சமையலறையில் சனிக்கிழமை எங்கள் வகுப்பின் முறை. சிஸ்டர் பெலிசியாவின் கணக்கு: கொதிநீர், சோடா, ஒன்றரை மணி நேரம், நடுவில் யாரும் தொடக்கூடாது. பித்தளை அண்டாவும் இரும்புச் சட்டியும் புதிதுபோல வெளியே வரும். ஒருமுறைகூட என் பாத்திரத்தை அவர் திருப்பி அனுப்பியதில்லை.

முழங்காலுக்குத் தைலம். நாளை காலை வேலை.

ஜூலை 10, வியாழன்

எதை முதலில் எழுதுவது.

பின்கட்டில் பெரிய பிளாஸ்டிக் டப். கொதிநீர் நான்கு நடை. காஸ்டிக். வலைகளை இறக்கிய உடனே நுரை பொங்கியது. பொங்கிப் பொங்கி விளிம்புவரை. சீறும் சத்தம்கூடக் கேட்டது. மூன்று வருட அழுக்கு கழன்று ஓடுகிறது என்று நினைத்தேன். எவ்வளவு சந்தோஷம் என்று வெட்கமில்லாமல் எழுதிவைக்கிறேன். நின்றுகொண்டே காபி குடித்தேன்.

மாடியில் குடியிருக்கும் இரண்டு திருநெல்வேலிப் பெண்கள் நைட் ஷிப்ட் முடிந்து தூங்க வந்தவர்கள். படியில் பேச்சு:

"ஏட்டி, கீழ ஆச்சி என்னத்தயோ பொசுக்குதாவ. கண்ணு எரியுது."

"ஜன்னல அடைச்சிட்டுப் படு. ஆச்சிட்ட போய்க் கேட்டேன்னா முதல்ல காலக் கழுவிட்டு வான்னு சொல்லுவாவ."

சிரிப்பு. நானும் சிரித்தேன், உள்ளே.

ஒன்றரை மணி. கடிகாரம் பார்த்து, கையுறை போட்டு எடுத்தேன். சட்டம் வந்தது. வலை வரவில்லை. வந்தது கறுப்பாக, நூலாம்படை மாதிரி. விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே.

மு. சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு பார்வை போதும்.

"அய்யய்ய. அலுமினியம் பெரிம்மா இது. சோடா துன்னுடும். ஸ்டீலுக்குத்தான் அது. எங்க கேன்டீன்ல மொத நாளே இத்தச் சொல்லித்தான் உள்ள வுடுவாங்கோ." பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. அவள் இரண்டு கை தூரத்தில்தான் நின்றாள்.

மதியம் சாப்பிடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

விடியலில் தூறல், ஐந்து நிமிடம். தூசி அடங்கவில்லை, சேறானது.

புது வலை கிடைக்குமா என்று ஸ்ரீபெரும்புதூர் வரை போய்க் கேட்டேன். கடைப் பையன் போனில் படம் காட்டினான். "இந்த மாடலே இப்ப வர்றதில்ல மேடம். புதுசா சிம்னியே மாத்திடுங்க." பேருந்தில் திரும்பும்போது நின்றுகொண்டே வந்தேன். ஒரு பிள்ளை எழுந்து இடம் கொடுத்தான். உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்று இப்போது யோசிக்கிறேன்.

மாலை மறுபடி நாற்காலி. மீதியாவது. கிண்ணம் பளிச்சென்று ஆயிற்று. விசிறி, பல் பிரஷ்ஷால், இதழ் இதழாக. வெளிக்குழாய் வாயில் பல்லி முட்டை இல்லை, செத்த தேனீக்கள். சிம்னியின் முன்கண்ணாடியில் முகம் தெரிகிறது. ஆனால் வலை இல்லாமல் ஓட்டினால் எண்ணெய் நேராக மோட்டாருக்கு.

பிறகு செய்தது: சட்டங்களில் மிச்சமிருந்த கந்தலைக் கறுப்பு நூலால் இழுத்துக் கட்டி மாட்டினேன். கீழே நின்று பார்த்தால் முழு வலை போல இருக்கிறது. தொட்டால் தெரியும். ஜெ. தொடுகிறவள்.

என் வாழ்நாளில் இப்படி ஒன்றை மூடி வைத்ததில்லை. கழற்றிவிட வேண்டும் என்று இருமுறை எழுந்தேன். கழற்றவில்லை.

பாதாம் ஊற வைத்தேன். பாயசம்தான் செய்யப்போகிறேன். அதே அடுப்பில்.

ஜூலை 12, சனி

வெயில். வாசல் கழுவி, சமையல் முடித்து, பத்தரைக்குத் தயார். கஞ்சி போட்ட சாம்பல் நிறப் புடவை.

பதினொன்றுக்கு வந்தார்கள். ஜெ. இளைத்திருக்கிறாள். காண்டிராக்டர் பணிவானவர்தான், சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். உடன் ஆள் யாரும் இல்லை. அளக்கும் டேப் மட்டும்.

பாயசத்தை அடுப்பில் வைத்துக் கிளறினேன், அவர்கள் பார்க்க. ஒரு சொட்டும் விழவில்லை. ஜெ. டம்ளரை வாங்கி நின்றபடியே குடித்தாள், மறு கையில் போன். நிமிர்ந்து பார்க்கவில்லை. காத்திருந்தேன். கடைசியில் நானே கேட்டேன்.

"சிம்னியைப் பாத்தியா?"

"என்ன சிம்னி?"

"சுத்தம் பண்ணினேன். நானே."

"எதுக்கும்மா இதெல்லாம் இழுத்துப் போட்டுக்கற? விழுந்திருந்தா?" என்றாள். பிறகு, மென்மையாக, அதுதான் தாங்கவில்லை: "அட்வான்ஸ் வாங்கியாச்சும்மா. போன மாசமே. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டாள்.

போன மாதம். நான் நாற்காலியில் ஏறுவதற்கு முன்பே.

வலையைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். சொல்ல ஆள் இல்லை.

காண்டிராக்டர் சமையலறைக்குள் வந்தார். "சாப்பாடு வெளியேர்ந்து வந்துடும்மா, அடுப்பே தேவப்படாது. மேடைய இடிச்சிட்டா இங்க ரெண்டு அடுக்குக் கட்டில் போட்டுக்கலாம். இந்த சிம்னிய வேணும்னா நீங்களே எடுத்துக்கோங்க." கூப்பிட யாரும் இல்லாததால் என்னிடமே டேப்பின் நுனியை நீட்டினார். "கொஞ்சம் புடிங்கம்மா."

பிடித்தேன். இந்தச் சுவரில் நான், அந்தச் சுவரில் அவர்.

"எட்டரை அடி" என்று சொல்லி எழுதப்போனார்.

"டேப் நடுவில் தொங்குகிறது. இழுத்துப் பிடித்து அளங்கள்" என்றேன்.

இழுத்தார். எட்டு அடி நான்கு அங்குலம். எழுதிக்கொண்டார்.