எட்டு மணி பிரஷர்

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. குரும்பலூர் பஸ் இருபது நிமிடம் தாமதம். குடைக்கம்பி ஒடிந்தது. நனைந்த யூனிஃபார்மோடு பிரசவ வார்டு. பதினொரு கட்டில், நர்ஸ் நான் ஒருத்தி.

தாமதமானால் ஒரு வழக்கம் உண்டு. சார்ட்டில் எட்டு மணிக் கட்டத்தில் எல்லாருக்கும் முந்தின நாள் பிரஷரையே எழுதிவிடுவது, பிறகு சுற்றி வரும்போது நிஜமாகப் பார்ப்பது. டாக்டர் மேடம் ரவுண்ட்ஸ் வரும்போது சார்ட் காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பதினாறு வருடமாக எல்லாரும் செய்கிறோம். இன்றும் எழுதினேன். சுற்றி வர நேரம் கிடைக்கவில்லை.

ஆறாம் கட்டில் மலர்க்கொடி. எறையூர்ப் பெண், சிசேரியன் ஆகி மூன்றாம் நாள். ஒன்பதரைக்குக் கூப்பிட்டாள்.

"தலை ரொம்ப வலிக்குது சிஸ்டர். கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கு."

"ராத்திரி தூக்கம் இல்லல்ல, அதான்."

மாத்திரை ஒன்று கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு ஃபிட்ஸ். இழுப்பில் கட்டிலே ஆடியது. மேடம் ஓடி வந்தார். பிரஷர் 170/110. சார்ட்டைப் புரட்டினார். எட்டு மணி 120/80, என் கையெழுத்து.

"காலைல நார்மலாத்தான் இருந்திருக்கு. ஃபிட்ஸ் வந்ததால ஏறியிருக்கு. அப்ப இது பிரஷர் ஃபிட்ஸ் இல்ல. தலைக்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம். திருச்சிக்கு அனுப்பு, ஸ்கேன் பாக்கட்டும்."

பிரஷரால் வந்த ஃபிட்ஸ் என்றால் உடனே மெக்னீசியம் ஊசி. போடவில்லை. அலமாரியில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பயம், வேறென்ன.

திருச்சிக்குச் சீட்டு எழுதச் சொன்னதும் என்னிடம்தான். 8 மணி: 120/80. அதே பொய்யை இரண்டாம் முறை எழுதினேன். எழுத்துகூடப் பிசகவில்லை. அதுதான் கேவலம்.

பன்னிரண்டேகாலுக்கு ஆம்புலன்ஸ். கணவன் செந்தில் கூடப் போனான். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, நீல விளக்குக்கு அடியில். மலர்க்கொடியின் அம்மா பிள்ளையோடு இங்கேயே.

மேடம் அடுத்த ஆபரேஷனுக்குள் போய்விட்டார். எனக்கு அது நல்ல சாக்கு. ஆனால் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு சைக்கிள் ஸ்டாண்டில் நின்று செந்திலுக்கு போன்.

"பாடாலூர் தாண்டியாச்சுங்க. மறுபடி இழுத்துச்சுங்க சிஸ்டர்."

"தம்பி, சீட்டுல எட்டு மணி பிரஷர்னு எழுதியிருக்கு. அத நான் பாக்கல. காலைல யாருமே பாக்கல. தலைவலின்னு சொன்னா, கண்ணுல பூச்சி பறக்குதுன்னு சொன்னா. போனதும் டாக்டர்ட்ட இத சொல்லுங்க."

சைரனுக்கு மேல் கத்தினான்.

"பாக்காமயா எழுதுனீங்க?"

"ஆமா."

"இருங்க, இங்க வண்டில இருக்குறவர்ட்ட குடுக்குறேன். அவர்ட்டயும் சொல்லுங்க."

அவரிடமும் சொன்னேன்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டிருக்கிறது. இரண்டு வேளையாகச் சோறு இறங்கவில்லை.

செந்தில் போன் செய்தான், மாமியாருக்கு. எனக்கு இல்லை. போய்ச் சேர்ந்ததுமே மெக்னீசியம் போட்டார்களாம். அப்புறம் இழுப்பு வரவில்லை, நினைவும் வரவில்லை.

ரோஸி சிஸ்டர், எனக்கு மூத்தவர், ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிப் போனார். "எல்லாரும் எழுதறதுதான். அந்தப் பையன் கேட்டா, வண்டிச் சத்தத்துல தப்பா காதுல வுழுந்திருக்கும்னு சொல்லிரு." என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

புதிதாக வரும் பெண்களுக்கு நான் வாய் கிழியச் சொல்வது:
- கட்டில் நம்பரை நம்பாதே, பெயரைக் கேட்டு ஊசி போடு.
- பிள்ளை பெற்றவள் தலைவலி என்றால் மாத்திரைக்கு முன்னால் பிரஷர்.
- சாப்பிடாமல் டியூட்டிக்கு வராதே.
சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

பதினொரு மணிக்கு மேடம் அறை. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"நேத்து நான் அந்த முடிவு எடுக்கறப்ப என் பக்கத்துலதான நின்ன?"

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒன்றரைப் பக்கம். வேலை என்ன ஆகும், தெரியாது. வார்டுக்குப் போ என்றார். போனேன்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன்.

மலர்க்கொடி விடியற்காலையில் கண் விழித்தாளாம். புருஷனைக் குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்ததாம். பார்வை இன்னும் மங்கல். வந்துவிடும் என்கிறார்களாம். வரவேண்டும்.

எட்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கப் போனேன். அவள் அம்மா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வேற சிஸ்டர் இல்லீங்களா?"

"இப்ப நான் மட்டுந்தாம்மா."

என் முகத்தையே பார்த்தார். பிறகு பிள்ளையை நீட்டினார்.

"பாருங்க. எவ்வளவுன்னு வாய்வுட்டு எனக்குச் சொல்லுங்க. அப்புறமா எழுதுங்க."

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலும்மா."

பேனா முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எழுதி முடிக்கும்வரை.

பக்கத்துக் கட்டில்காரி கையை நீட்டினாள். "எனக்கும் சொல்லிட்டு எழுதுங்க சிஸ்டர்." அதற்கு அடுத்தவளும். வார்டு முழுக்கத் தெரிந்திருக்கிறது. கூசியது. ஒவ்வொருத்தியின் கையிலும் பிரஷர் பட்டையைச் சுற்றினேன், சத்தமாகச் சொன்னேன், எழுதினேன்.

எட்டரைக்கு மேடம் ரவுண்ட்ஸ். நாலு பேருக்குத்தான் முடிந்திருந்தது. சார்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்தாவதில் எட்டு மணிக் கட்டம் காலி. அதற்கடுத்ததிலும்.

"இதெல்லாம்?"

"இன்னும் பாக்கல மேடம்."