ஸ்கோர்ப்பாவை விட்ட இடம்

மார்ச் 22

அன்புள்ள மகள் தூவாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கேலமும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா இருக்கிறார், நானும் இருக்கிறேன், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ, ஜூனில் ஆறு வாரம் அங்கே வருகிறோம், எங்கள் பூனைகள் இரண்டையும் எங்கே விடுவதென்று தெரியவில்லை, நீங்கள் சிகிச்சைக்கு உமேயோவுக்குப் போனபோது நம் நாய் ஸ்கோர்ப்பாவுக்கு எப்படி இடம் பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் கண்ணு, ஸ்கோர்ப்பா இல்லை. ஜனவரி கடைசியிலேயே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்கும்போதெல்லாம் அடுப்போரம் தூங்குகிறாள் என்று அப்பா சொன்னது உனக்காகச் சொன்ன பொய். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று என்னிடமும் வாக்கு வாங்கியிருக்கிறார். போனில் பேசினால் அவர் பக்கத்தில் இருப்பார், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் தொண்டையில் இருந்த கட்டிக்கு ஆறு வாரம் கதிர்வீச்சு என்றதும், ஆஸ்பத்திரி விடுதியில் நாய்க்கு அனுமதியில்லை என்பதால் நாங்கள் இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று ஆஸ்தாவின் வீடு, நம் பக்கம் முன்பு தபால் கொண்டு வருவாளே, அவள்தான். கதவைத் திறந்ததுமே நான்கு நாய்கள் எங்கள்மேல் விழுந்தன, ஒன்று யாருடைய செருப்பையோ கவ்விக்கொண்டு வந்து அப்பாவின் காலடியில் போட்டது, சோபா கிழிந்து பஞ்சு தொங்கியது, அவள் கொடுத்த காபியில் நாய்முடி மிதந்தது. இன்னொன்று நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பெரிய நாய் விடுதி. பளபளவென்று தரை, தரைக்கு அடியில் சூடு, ஒவ்வொரு நாய்க்கும் தனி அறை, தினமும் ஒரு படம் எடுத்துப் போனுக்கு அனுப்புவார்கள். எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. திரும்பும்போது காரில் அப்பா, “குன்வோர், அங்க பதினாலு நாய் இருந்துச்சு. நாம உள்ள போனப்ப ஒண்ணாவது எழுந்து வந்துச்சா?” என்றார். நல்லா பழக்கியிருக்காங்க, ஒழுக்கமா இருக்குதுங்க என்றேன். “ஒழுக்கமா? யார் வந்தா நமக்கென்னன்னு சுவத்தைப் பாத்துப் படுத்திருக்குதுங்க” என்றார். ஆஸ்தா ஞாபகமில்லாமல் கதவைத் திறந்து போட்டால் பனியில் யார் நாயைத் தேடி ஓடுவது, உங்கள் தொண்டையைப் பார்ப்பேனா நாயைப் பார்ப்பேனா என்று சத்தம் போட்டேன். அந்த வாரம் பேசுவதே அவருக்கு வலி. வலியில் வாயை மூடியதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விடுதியில் விடப்போன அன்று ஸ்கோர்ப்பாவின் மண்கிண்ணத்தையும் கொண்டுபோனேன். தகரக் கிண்ணத்தில் அவள் வாய் வைக்கமாட்டாள் என்று உனக்குத்தான் தெரியுமே, வயதான பிறகு சிறுநீரகம் வேறு சரியில்லை, தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். விடுதிக்காரி, சுத்தத்துக்காக வீட்டுப் பாத்திரம் எதுவும் வாங்குவதில்லை, இரண்டே நாளில் பழகிவிடும் என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு நானே கிண்ணத்தைத் திரும்ப எடுத்துவந்து காரில் வைத்தேன்.

உமேயோவில் இரண்டாவது வாரமே அப்பாவுக்கு எச்சில்கூட இறங்கவில்லை. சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் படம் வரும். “அவ சாப்பிட்டாளாமா?” என்பார். ஆமாம் என்றால் அவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் முழுங்குவார். ஸ்கோர்ப்பாவைக் காட்டிக் காட்டித்தான் அவரை ஊட்டினேன். ஒருநாள் வந்த படத்தைப் பார்த்தேன், நான்கு நாள் முன்பு வந்த அதே படம். அதே மடிப்புள்ள போர்வை, வாலுக்குப் பக்கத்தில் அதே பந்து. விடுதிக்காரிக்குப் போன் செய்தேன். “எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு, நீங்க உங்க வீட்டுக்காரரைக் கவனிங்க” என்றாள். காரில் ஒன்றரை மணி நேரம்தான் தூவா. போயிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து நாள் போக்கினேன். ஆறாவது நாள் காலை அவளே கூப்பிட்டாள், அழுதுகொண்டே. வேலைக்கு இருந்த இரண்டு பேரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்களாம், அத்தனை நாயையும் ஒருத்தியாகப் பார்த்தாளாம், எங்களைக் கவலைப்படுத்த வேண்டாமென்று பழைய படங்களை அனுப்பினாளாம், காலையில் கதவைத் திறந்தால் ஸ்கோர்ப்பா விறைத்துக் கிடந்தாளாம். பல நாளாகச் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று கால்நடை மருத்துவர் சொன்னாராம்.

விடுதிக்காரியைத் திட்ட எனக்கு வாயில்லை. ஏனென்றால் அன்று மதியம் சூப்போடு அப்பா முன்னால் போய் உட்கார்ந்து, படம் வந்ததா என்று கேட்டவரிடம் நானும் பழைய படத்தைத்தான் நீட்டினேன். அவள் எனக்குச் செய்ததையே மூன்று வாரம் நான் அவருக்குச் செய்தேன். அவர் ஒவ்வொரு வாயாக முழுங்கினார்.

சிகிச்சை முடிந்து திரும்பும்போது, நேராகப் போய் ஸ்கோர்ப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார் அப்பா. விடுதிக்குத் திரும்பும் இடத்தில் காரை ஓரம் கட்டி உண்மையைச் சொன்னேன். போ, அந்த இடத்தை நான் பார்க்கணும் என்றார். அவள் இருந்த அறையில் வேறொரு கறுப்பு நாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தத் தரையில் உட்கார்ந்து, அந்தக் கரகரத்த குரலில் அதனிடம் பேச ஆரம்பித்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு அது எழுந்து வந்து அவர் முழங்காலில் மோவாயை வைத்தது. விடுதிக்காரி வாசலிலேயே நின்று அழுதாள். “தெனம் ஒவ்வொண்ணுகிட்டயும் கொஞ்ச நேரம் இப்படி உக்காரு, போட்டோவே வேணாம்” என்று மட்டும் அவளிடம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அப்ப அந்த மூணு வாரம் நான் முழுங்கினதெல்லாம் பொய்யா?” ஆமாம் என்றேன். அன்றிலிருந்து சாப்பிடும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவிடுவதில்லை.

உன் பூனைகளுக்குச் சொல்கிறேன். முன்கூட்டிச் சொல்லாமல் போ, ஒரு மழைநாளில் போ. தரையைப் பார்க்காதே, நீ உள்ளே நுழையும்போது அங்கிருக்கும் பூனைகள் என்ன செய்கின்றன என்று பார். அதுகள் பழகிய கிண்ணத்தை வாங்கமாட்டேன் என்றால் அப்படியே திரும்பிவிடு. கேலம் ஒரு இடத்தை வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன வாரம் பரிசோதனைக்குப் போனோம். கட்டி முழுவதும் கரையவில்லையாம், மே மாதம் திரும்ப உமேயோவுக்கு வரச் சொல்கிறார்கள், இந்தமுறை அறுவை, குரல் இருக்குமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, கிளம்ப என்னென்ன ஏற்பாடு செய்யவேண்டும் என்று நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். “இந்தத் தடவ என்ன ஏற்பாடு, விட்டுட்டுப் போறதுக்குத்தான் வீட்ல யாருமில்லயே” என்றார்.

ஆகையால் ஜூன் வரை காத்திருக்காதே தூவா, ஏப்ரலிலேயே வா, அவரால் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட முடிகிறபோதே வா. நீயும் கேலமும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும். டிக்கெட் போட்டதும் என் போனுக்கு மட்டும் சொல், இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா
குன்வோர்